முதலில் செரிக்கட்டும்

“இங்கேயா இறங்கறோம்?” என்று ஒர்னெல்லா அம்மாள் மறுபடியும் கேட்டார்.

லிபோரியோ கைத்தடியைக் கரும்பாறை இடுக்கில் ஊன்றி நின்றார். கலங்கரை விளக்கு முனைக்குக் கீழே, பாறைகள் வளைத்துப் பிடித்த குளம் போலக் கடலின் ஒரு துண்டு தேங்கிக் கிடந்தது. பச்சைக் கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

“இறங்கலாம்தான். ஆனா காத்து சரியில்ல.”

வடக்கே பெர்கமோ நகரத்திலிருந்து வந்திருந்த ஏழு பேரும் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஏழு பேரும் நீச்சல் உடைக்கு மேல்தான் சட்டை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று கட்டியிருந்தது. அதையும் விடுதியிலேயே ஊதி நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். முள்ளுக்கும் எரிமலைக் கல்லுக்கும் நடுவே அவர்கள் நடந்து வந்தபோது, பின்னாலேயே ஏழு பூசணிக்காய்கள் துள்ளிக்கொண்டு வந்தன. எத்தோரே என்ற ஓய்வு பெற்ற தபால்காரர் வேனில் ஏறும்போதே நீச்சல் கண்ணாடியைக் கண்ணில் மாட்டியிருந்தார். இன்னும் கழற்றவில்லை.

இவர்களுக்குத் தண்ணீர் மேல் எவ்வளவு வெறி என்று நினைத்துக்கொண்டே லிபோரியோ விளிம்பிலிருந்து ஓர் அடி பின்னால் வைத்தார்.

அவருக்கு நீச்சல் தெரியாது.

தீவில் பிறந்தவனைப் பார்த்து உனக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. மலையில் பிறந்தவனிடம் ஏறத் தெரியுமா என்று கேட்பது போல அது. ஆனால் இத்தாலியின் தென்கோடியில் எங்கள் பான்டெல்லேரியாத் தீவில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திராட்சை வெட்டியே வாழ்ந்து முடித்த குடும்பங்கள் நிறைய. லிபோரியோவின் குடும்பம் அதில் ஒன்று. அவர் வீட்டு வாசல் மலையைப் பார்த்தது. ஜன்னலும் மலையைப் பார்த்தது. கடல் பக்கம் இருந்தது கழிப்பறை மட்டுமே.

நடை என்றால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தப் பாறை ஆடும், எந்த முள் சட்டையைக் கிழிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு கரையோரமாகவே நடந்து காலம் தள்ளியவர். இந்த வருஷம்தான், பயண அலுவலகம் நடத்தும் ரோசல்பா நடையோடு நீச்சலையும் சேர்த்து விளம்பரம் போட்டாள்.

“உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லையே?” என்று அவள் கேட்டபோது, “தீவுக்காரன்கிட்ட கேக்கற கேள்வியா இது?” என்றார் லிபோரியோ. அந்த ஒரு வாக்கியத்தை வாயை மூடிக்கொண்டு விழுங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம், சிசிலியின் திராப்பனி ஊரில் ஒருவன் இருந்தான். நீச்சல் பந்தயங்களில் கோப்பைகள் வாங்கியவன். இதே வேலையை அவனும் கேட்டிருந்தான். இன்றைய கூட்டம் திருப்தியாகத் திரும்பிப் போனால் பருவம் முழுவதும் வேலை லிபோரியோவுக்கு. இல்லாவிட்டால் திராப்பனிக்காரனுக்கு. அப்புறம் லிபோரியோ தன் மைத்துனன் காஸ்பாரேயின் கொட்டகையில் ஊறுகாய்க்குப் பறித்த கேப்பர் மொட்டுக்கு உப்புப் போடப் போக வேண்டியதுதான். உப்புப் போடுவதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் காஸ்பாரே பேசுவான். தன் சிறுநீரகக் கல்லைப் பற்றி, அது கிளம்பிய இடம், வந்த பாதை, தங்கிய ஊர் என்று விளக்கு வைக்கும் வரை பேசுவான்.

அதனால் லிபோரியோ ஒரு முடிவோடு வந்திருந்தார். கிழக்குக் கரையில் வெயில் சீக்கிரம் மலைக்குப் பின்னால் போய்விடும். அதுவரை இழுத்தடிப்பது. இருட்டில் யாரும் நீந்த மாட்டார்கள். நடையை மட்டும் பிரமாதமாகக் காட்டி, கைகுலுக்கி அனுப்பிவிடுவது.

“சிரோக்கோ வருது,” என்றார். “தென்கிழக்குக் காத்து. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த இடம் பூரா நுரை தள்ளிடும்.”

“ஓ,” என்றார்கள் ஏழு பேரும்.

கீழே படகு ஒன்று ஒதுங்கியது. அவருடைய சித்தி மகள் நுன்சியா. கூட்டத்துக்குத் துணையாகக் கடல் வழியே வருவது அவள் வேலை.

“என்னண்ணே அங்கேயே நின்னுட்ட?”

“சிரோக்கோ, நுன்சியா.”

“எந்த ஊர்ல?” அவள் விரலை நனைத்துக்கூடப் பார்க்கவில்லை. “இது வடமேற்குக் காத்து. அதுவும் விடியக்காலைலயே செத்துப் போச்சு. கிழக்குப் பக்கம் முழுக்கத் தட்டுல ஊத்தின எண்ணெய் மாதிரி கிடக்கு. இந்த வருஷத்துல இப்படி ஒரு நாள் வந்ததே இல்ல.”

எங்கள் ஊரில் எதைப் பற்றி வேண்டுமானாலும் சொந்தக்காரனுக்காக ஒரு பொய் சொல்வார்கள். காற்றைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஏழு பேரும் வானத்தை விட்டுவிட்டு லிபோரியோவைப் பார்த்தார்கள்.

“இங்க ஆழம் எவ்வளவு?” என்றார் ஒர்னெல்லா. அவர் கூட்டத்தின் தலைவி. கட்டையான உருவம், பள்ளிக்கூட மணி போன்ற குரல்.

பயமுறுத்தினால் பின்வாங்குவார்களோ என்று லிபோரியோவுக்கு ஓர் ஆசை. “அடின்னு ஒண்ணு கிடையாதும்மா. எரிமலை நேரா கீழ இறங்குது. போய்க்கிட்டே இருக்கும்.”

ஏழு பேரும் கழுத்தை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்தார்கள். எத்தோரேயின் கண்ணாடி உள்பக்கமாகப் பனித்துப் போயிற்று. ஆழ்கடல் பிரியர்கள் போலிருக்கிறது, தப்பான இடத்தில் தூண்டிவிட்டுவிட்டோம் என்று லிபோரியோ நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எங்க விதி தெரியுமில்ல?” என்றார் ஒர்னெல்லா. “வழிகாட்டி முதல்ல இறங்கணும். அதுக்கப்புறம்தான் நாங்க. போன வருஷம் வேற ஒரு தீவுக்குப் போனோம். அந்த ஆள் பெரிய நீச்சல்காரன். விடிஞ்சதும் விடியாததுமா ‘குதிங்க குதிங்க’ன்னு நின்னான். அவனைப் பத்தி நாங்க எழுதி அனுப்பிட்டோம்.”

பெரிய நீச்சல்காரனையே குறை எழுதி அனுப்பியவர்கள். லிபோரியோ கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எத்தோரேயின் தாடை அசைவது கண்ணில் பட்டது.

“எத்தோரே ஐயா, வாயில என்ன?”

“பிஸ்கட்டு.”

“எப்பப் போட்டீங்க?”

“இப்பத்தான். ஏன்?”

லிபோரியோ தடியைக் கீழே வைத்தார். “சாப்பிட்டுட்டா தண்ணில இறங்கப் போறீங்க?”

எங்கள் நாட்டில் பால் பல் விழுவதற்கு முன்பே ஒருவன் தெரிந்துகொள்கிற விஷயம் இது. சாப்பிட்டால் மூன்று மணி நேரத்துக்குக் கடலில் இறங்கக் கூடாது. இறங்கினால் செரிமானம் பாதி வழியில் நின்றுவிடும், வயிறு கல்லாகும், ஆள் அப்படியே கீழே போய்விடுவான். அப்படிப் போனவன் யார் என்று கேட்டால் யாருக்கும் பெயர் தெரியாது. பக்கத்து ஊர்ப் பையன் என்பார்கள்.

“மூணு மணி நேரம்,” என்று ஒர்னெல்லா உடனே சொன்னார். குரலில் மறுப்பின் சாயலே இல்லை.

“எங்கம்மா மூணரைம்பாங்க,” என்றார் எத்தோரே.

“ஒரு பிஸ்கட்டுக்கா?” என்று படகிலிருந்து நுன்சியா கேட்டாள்.

“மாவுப் பண்டம்,” என்றார் எத்தோரே கண்டிப்பாக.

“சரி, அவர் கரையில உக்காரட்டும். மத்த ஆறு பேரும் வெறும் வயிறுதானே?”

லிபோரியோவுக்குத் தன் சித்தி மகளை அந்த நிமிஷமே படகோடு துனீசியாவுக்கு அனுப்பி வைக்கத் தோன்றியது. முதுகுப் பையை இறக்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கென்று வீட்டில் கட்டிக் கொடுத்த மூட்டையை அவிழ்த்தார். தடித்த ரொட்டி, தக்காளி, உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு, வெள்ளைப் பாலாடைக்கட்டி, மீன் துண்டுகள்.

“தெம்பு வேணும்மா. கடல்னா சும்மாவா? ஆளுக்கு ஒரு வாய்.”

ஒரு வாயோடு யாரும் நிறுத்தவில்லை. ஏழு பேரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். மெலிந்த கணக்காசிரியை ஒருத்தி மூன்றாம் தடவை கையை நீட்டினாள். ரொட்டியின் கடைசி முனையை எத்தோரே நீச்சல் கண்ணாடிக்குள்ளிருந்து குறி பார்த்து எடுத்துக்கொண்டார். பந்தயக் குதிரைகள் இப்படித்தான் தின்னும் என்று லிபோரியோ நினைத்தார்.

“அப்ப செரிக்கட்டும்,” என்றார்.

“செரிக்கட்டும், செரிக்கட்டும்,” என்றார்கள் எல்லோரும்.

கருங்கல் சுவர்களுக்கு நடுவே காதிர் என்ற சின்னத் துறையை நோக்கி நடந்தார்கள். அந்த நடை லிபோரியோவின் வாழ்நாள் நடை. இலந்தை அளவு காய்த்த கேப்பர் செடியைக் காட்டினார். தரையோடு தரையாகப் படுத்து வளரும் திராட்சைக் கொடியை மண்டியிட்டுக் காட்டினார். வேண்டாத கற்களை எல்லாம் காட்டினார். ஆனால் வடக்கத்திக்காரர்களின் கால் வேகமானது. காதிரில் வெந்நீர் ஊற்றுத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது, ஒர்னெல்லா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இங்கேயா?” என்றார். “நேரம் ஆகிட்டு வருது.”

என்ன அவசரம் இந்த அம்மாவுக்கு. லிபோரியோ பைக்குள் கையை விட்டுத் துழாவினார். அடியில் பீச் பழங்கள் கிடந்தன.

“வெயில்ல வந்திருக்கீங்க. ஆளுக்கொண்ணு.”

தின்று முடித்து விரலைச் சப்பிய பிறகுதான் பிரச்சினை கிளம்பியது.

“பழம் கணக்குல வருமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“வரும்,” என்றார் லிபோரியோ.

“வராதே,” என்றாள் நுன்சியா. படகை ஏற்கெனவே கட்டிவிட்டு, பாறையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். “பழம் தண்ணிதானே.”

“தர்பூசணி தண்ணி. பீச்சுல சதை இருக்கு,” என்றார் எத்தோரே.

“தோலோட தின்னா ரெண்டு மணி நேரம், உரிச்சுத் தின்னா ஒண்ணுன்னு எங்க மாமியார் சொல்வாங்க,” என்றாள் கணக்காசிரியை.

“நீ உரிச்சியா?”

“இல்ல. தோலோட தின்னேன்.” சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. லிபோரியோ அதைப் பசி தீர்ந்த நிம்மதி என்று எடுத்துக்கொண்டார்.

“ஐஸ்கிரீம் மட்டும் கணக்குல வராது,” என்றார் ஒர்னெல்லா.

“ஏன் வராது?”

“அதான் உருகிடுதே.”

இந்த வழக்கில் நல்ல நேரம் கழிந்தது. கடைசியில் தோலுக்கு ஒரு மணி நேரம், சதைக்கு அரை மணி என்று தீர்ப்பாகி, எல்லோரும் எழுந்தபோது எத்தோரே ஒரு சப்பாத்திக்கள்ளியின் மேல் சாய்ந்தார். அவருடைய மிதவை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு இடுப்பில் துணியாகத் தொங்கியது. எத்தோரே அதைக் கையில் ஏந்திக்கொண்டு, நெருங்கின உறவு போய்விட்ட மாதிரி கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னோடத எடுத்துக்கங்கன்னு சொல்லலாம்னா, எனக்கு மிதவையே இல்லையே,” என்றார் லிபோரியோ. காலையில் ஒர்னெல்லா ஒன்றை நீட்டியபோது, தீவுக்காரனுக்கு எதுக்கும்மா என்று சிரித்துத் தள்ளியவர் அவர்தான்.

பை காலி. வெயில் உச்சியில். மலைக்குப் பின்னால் அது போக இன்னும் எவ்வளவோ நேரம். லிபோரியோ நான்கு பக்கமும் பார்த்தார். மேலே ஒரு வீட்டு மாடியில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசையும், அதைச் சுற்றி ஜனமும் தெரிந்தது. ஊரே டாக்டர் என்று கூப்பிடும் மருந்துக்கடை சால்செதோ தன் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு விருந்து வைத்திருந்தார்.

வழிகாட்டியாக இருந்த காலமெல்லாம் லிபோரியோ அழையாத வீட்டுக்குள் கால் வைத்தவரல்ல. அன்று வைத்தார். “குழந்தைக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிட்டுப் போகலாம்னு,” என்று படியேறினார். பின்னால் ஆறு பூசணிக்காய்களும் ஒரு துணியும் ஏறின.

ஞானஸ்நான விருந்துக்கு வந்தவர்களை வெறும் வயிறாக அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மீனும் கத்தரிக்காயும் குவித்த, ரவை உப்புமா மாதிரியான கூஸ்கூஸ் வந்தது. புதினாவும் பாலாடைக்கட்டியும் பொதிந்த கொழுக்கட்டை மாதிரி ரவியோலி வந்தது. பொரித்து, சர்க்கரை தூவி, நடுவில் பால்கட்டி வைத்த பலகாரம் வந்தது. உலர் திராட்சை மதுவும் வந்தது. பெர்கமோக்காரர்கள் ஒன்றையும் மறுக்கவில்லை. ஒர்னெல்லா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே இரண்டாவது தட்டு முடித்தார். லிபோரியோ ஒரு மூலையில் நின்று, ஒவ்வொரு கரண்டியையும் கண்ணால் எண்ணி மகிழ்ந்தார். பொரித்தது, மாவு, மீன், மது. இதற்கு மேல் ஒரு மனித வயிற்றை மூட வழியில்லை.

“இனி மூணு மணி நேரம் யாரும் கடலைத் திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது,” என்று சத்தமாகவே சொன்னார்.

“எதுக்கு மூணு மணி நேரம்?” என்றார் சால்செதோ.

“செரிக்கணுமில்லையா டாக்டர்?”

மருந்துக்கடைக்காரர் கைத்துண்டை மேசையில் வைத்தார். “இத்தனை வருஷமா மருந்து விக்கறேன். சாப்பிட்டுட்டுக் குளிச்சதால செத்த ஒருத்தனைக்கூட நான் பாத்ததில்ல. அதெல்லாம் நம்ம அம்மாங்க மத்தியானத்துல ஒரு தூக்கம் போடறதுக்காகக் கட்டின கதை.”

“நீங்க விக்கறது இருமல் மருந்து,” என்றாள் அவர் மனைவி. “வயித்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சால்செதோ எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “நானும் ரெண்டு தட்டு சாப்பிட்டிருக்கேன். எல்லாரும் பாத்திருக்கீங்க. இப்பவே இவங்களோட யானை வளைவு வரைக்கும் போறேன். முதல்ல நான் இறங்கறேன். செத்தா நீ ஜெயிச்ச.”

“போங்க,” என்றாள் அவள். “கல்யாணப் படத்துல இருக்கற அந்தக் காலுறையை மட்டும் நனைக்காதீங்க.”

பெர்கமோக்காரர்கள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எத்தோரே மெதுவாக இன்னொரு பலகாரத்தை எடுத்தார். “எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க,” என்றார் சால்செதோ. “நிரூபணத்துக்கு நல்லது.”

யானை வளைவுக்குப் போகும் வழியில் மருந்துக்கடைக்காரர் முன்னால் வீறுநடை போட்டார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். லிபோரியோ கடைசியில் வந்தார். அப்போது கைப்பேசி அடித்தது. ரோசல்பா.

“தண்ணில இறங்கிட்டாங்களா லிபோரியோ?”

“இன்னும் இல்ல. செரிக்கட்டும்னு பாக்கறேன்.”

“நல்லது, நல்லது. அவசரமே இல்ல. நிதானமா நடக்கட்டும்.”

லிபோரியோ நடையை நிறுத்தினார். சவ ஊர்வலத்துக்கே ஹாரன் அடிக்கிற பெண் ரோசல்பா. அவள் வாயிலிருந்து ‘அவசரமே இல்லை’ வருகிறது என்றால் கோபம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம்.

“ஆனா இருட்டறதுக்குள்ள ஏழு பேரும் நனைஞ்சிருக்கணும்,” என்றாள் அவள். “அவங்க கரையோடவே திரும்பிப் போனா எனக்குப் பேர் போயிடும். திராப்பனிக்காரன் மறுபடியும் கூப்பிட்டான். ராத்திரி அவனுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லணும்.”

கைப்பேசியைப் பைக்குள் போட்டபோது லிபோரியோவின் திட்டம் தலைகீழாகியிருந்தது. காலையிலிருந்து யாரும் நனையக் கூடாது என்று பாடுபட்டவர், இப்போது எல்லோரையும் நனைத்தாக வேண்டும். அதுவும் அவர்கள் வயிற்றில் ஒரு ஞானஸ்நானத்தையே இறக்கி வைத்துவிட்டு.

யானை வளைவு என்பது துதிக்கையைக் கடலில் விட்டுத் தண்ணீர் குடிக்கும் பாறை. அதற்குப் பக்கத்துத் தட்டைக் கல்லில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நுன்சியாவின் படகு கல்லெறி தூரத்தில் நின்றது. சால்செதோ காலுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கடலில் விழுந்தார். கொஞ்ச தூரம் போய் மல்லாந்து, வயிறு மேலே தெரிய, பீப்பாய் போல மிதந்தார்.

“ரெண்டு தட்டு,” என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டு தட்டு கூஸ்கூஸ். பாருங்க. நல்லாப் பாருங்க.”

“பாத்தீங்க இல்ல?” என்றார் லிபோரியோ குரலில் உற்சாகத்தை வரவழைத்து. “இனிமே பயமில்ல. இறங்குங்க. நான் எல்லாரோட செருப்பையும் பாத்துக்கறேன்.”

“செருப்பை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க,” என்றார் ஒர்னெல்லா.

“ஆட்டுக்குட்டி வரும்.”

“விதி இருக்கு லிபோரியோ. நீங்க முதல்ல.”

“டாக்டர் இறங்கிட்டாரே?”

“அவர் வழிகாட்டி இல்ல. விருந்துக்காரர்.”

ஏழு ஜோடிக் கண்கள் அவர் மேலேயே இருந்தன. மலையின் நிழல் கல்லின் விளிம்பைத் தொட்டது. லிபோரியோ சட்டையைக் கழற்றினார். நான்காக மடித்து வைத்தார். காலுறையை மடித்து வைத்தார். கைக்குட்டையை எடுத்து அதையும் மடித்து வைத்தார். மடிப்பதற்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை.

தண்ணீரைப் பார்த்தார். காஸ்பாரேயின் கொட்டகையைப் பார்த்தார். உப்புக் குவியலுக்கு மேல் அவன் முகம் தெரிந்தது. “கல்லு அன்னிக்கு இடது பக்கம் வந்துது பாரு மச்சான்…” என்று ஆரம்பித்தது அது.

இல்லை என்று லிபோரியோ பல்லைக் கடித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

அடியே கிடையாது என்று காலையில் சொன்னது அவர்தான். சும்மா சொன்னதாக நினைத்திருந்தார். இப்போது போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் எப்படியோ திசை மாறி, காதில் இரைச்சலோடு வெளிச்சத்துக்கு வந்தார். கௌரவம் இன்னும் மிச்சமிருந்தது.

“நல்லா இருக்கு,” என்று கத்தினார். உப்புத் தண்ணீர் உள்ளே போயிற்று. “வா… வாங்க…”

மூழ்கினார். ஒரு கை மட்டும் மேலே நின்று, வாங்க என்பது போல ஆடியது.

“கூப்பிடறாரு,” என்றாள் கணக்காசிரியை.

“கூப்பிடல,” என்றார் ஒர்னெல்லா. “போறாரு.”

அடுத்து நடந்ததை லிபோரியோ துண்டு துண்டாகத்தான் பார்த்தார். மேலே வந்தபோது கல்லின் மேல் யாரும் இல்லை. ஏழு பேரும் காற்றில் இருந்தார்கள். அடுத்த தடவை வந்தபோது ஏழு பேரும் தண்ணீரில் இருந்தார்கள். அப்படி ஒரு நீச்சலை அவர் பார்த்ததே இல்லை. ஒர்னெல்லா சண்டைக் கோழிகளை விலக்குவது போலக் கைகளை வீசிக்கொண்டு வந்தார். கணக்காசிரியை ஏணி ஏறுவது போல ஏறிக்கொண்டு வந்தாள். மிதவை இல்லாத எத்தோரே இன்னொருவரின் மிதவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலால் மட்டும் கடலை உதைத்துத் தள்ளினார். எல்லோரும் தலையை ஆமை மாதிரி மேலே நீட்டியிருந்தார்கள். வடக்கே ஏரிகளில் இப்படித்தான் பழகுவார்கள் போலிருக்கிறது என்று மூழ்குகிற நேரத்திலும் லிபோரியோவுக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று.

“பிடிச்சுக்கங்க,” என்றார் ஒர்னெல்லா.

“எதை?”

“எதையாவது.”

அவர் ஒரு பூசணிக்காயைப் பிடித்தார். எட்டுத் தலையும் ஆறு மிதவையும் ஒரே கொத்தாகச் சேர்ந்து, ஆளுக்கொரு பக்கம் உதைத்து, சுற்றிச் சுற்றிப் படகை நோக்கி நகர்ந்தன. வழியில் சால்செதோவை இடித்தன. அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“யாருக்காவது வயிறு வலிக்குதா?” என்று மட்டும் கேட்டார். “இல்லை இல்ல? என் வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லணும்.”

நுன்சியா லிபோரியோவை அக்குளைப் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் போட்டாள். அவர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து, அதுவரை விழுங்கிய கடலைத் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே கிடந்தார்கள். யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அது ஏழு பேருக்கும் பரவியது. ஒர்னெல்லா சிரித்துக்கொண்டே அழுதார். கணக்காசிரியை எத்தோரேயின் வழுக்கைத் தலையில் முத்தமிட்டாள். எத்தோரே படகின் மேல் ஏறி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே இன்னொரு தடவை குதித்தார்.

என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று லிபோரியோ நினைத்தார். வழிகாட்டியைக் கரை சேர்த்த கதையைப் பெர்கமோ முழுக்கச் சொல்வார்கள். ரோசல்பாவுக்கும் எழுதி அனுப்புவார்கள். திராப்பனிக்காரன் நாளைக்கே வந்து இறங்குவான். உப்புக் கொட்டகையில் நாற்காலி தயாராக இருக்கும்.

ஆனாலும் ஒளிந்து மறைந்து போவதில்லை என்று அவர் தீர்மானித்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இனி ஒரு பொய்யைத் தின்று செரிக்க முடியாது. எழுந்து உட்கார்ந்து, ஈர மயிரை நெற்றியிலிருந்து ஒதுக்கினார்.

“போனைக் கொடு, நுன்சியா.”

“எதுக்கு?”

“ரோசல்பாகிட்ட நானே சொல்லிடறேன். வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி.” தொண்டையைச் செருமினார். “எனக்கு நீச்சல் தெரியாது. பொறந்ததுலேர்ந்து தெரியாது. தண்ணின்னாலே பயம். இன்னிக்குக் காத்துன்னதும், பிஸ்கட்டுன்னதும், எல்லாம் அதுக்குத்தான். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லாத ஆளு.”

நுன்சியா துண்டை அவர் தோளில் போட்டு அழுத்தித் துடைத்தாள்.

“அது தெரிஞ்சுதானே அண்ணே ரோசல்பா உன்னை அனுப்பினா. இவங்க தண்ணிக்குப் பயப்படறவங்களுக்கு நீச்சல் கத்துக் கொடுக்கற பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தவங்க, ‘எங்களைவிட அதிகமா பயப்படற வழிகாட்டியா ஒருத்தரைக் கொடுங்க’ன்னு கேட்டாங்களாம்.”